கடலில் படுற பாடு போதாதா, டாக்டரம்மா?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் பாம்பன் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 53 வயது. சின்ன வயதிலிருந்தே கடல் தொழில்தான். இப்போது விசைப்படகில் டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஒரு மாதமாகக் கரையில் இருக்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்த நர்ஸம்மா பிரஷர் பார்த்தார்கள். 164/100 இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் 160/98. அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கணும், தினமும் நடக்கணும் என்று அங்கே டாக்டர் சொன்னார். சர்க்கரை இல்லை, ஈ.சி.ஜி.யும் சரியாக இருக்கிறதாம். இவரோ, "முப்பத்தஞ்சு வருசமா கடல்ல பாடுபடுறேன், எனக்கு என்ன எக்சர்சைஸ்? வேலை வெட்டி இல்லாதவன்தான் ரோட்டுல கைய வீசிட்டு நடப்பான்" என்கிறார். அப்படியே நடந்தாலும் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். பையன் செல்போனில் ஜிம் வீடியோ காட்டி வெயிட் தூக்கச் சொல்கிறான். எதைச் செய்வது? மணலில் நடக்கலாமா? அன்றைக்கு எனக்கும் 148/94 இருந்தது. வெயிலில் தண்ணி வண்டி தள்ளிவிட்டு வந்ததால் இருக்கும், அதை விடுங்கள். இவருக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் அதைக் கோபத்தில் கேட்டிருக்கலாம். ஆனாலும் நல்ல கேள்வி. மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் இந்தக் கரையில் என்னிடம் வருகிற ஆண்கள் பலர் இதையேதான் கேட்கிறார்கள். உடம்பு உழைத்தால் பிரஷர் அண்டாது என்று படிக்கிற காலத்தில் நானும் நம்பியிருந்தேன். இங்கே வேலைக்கு வந்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. சங்கு குளிக்கிறவருக்கும் வருகிறது, பனை ஏறுகிறவருக்கும் வருகிறது, பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கும் வருகிறது.

முதலில், சண்டை வராத நேரமாகப் பார்த்து அவரிடம் ஒன்று கேளுங்கள். இன்றைக்குப் படகில் அவர் என்ன வேலை செய்கிறார்? கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. அந்த ஒரு பகல், ஒரு இரவில் பெரும்பகுதி அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வலையை வின்ச் இழுக்கிறது. வலையின் மடியைத் தட்டி மீன் பிரிப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் கூட வருகிற ஆட்கள் வேலை. முப்பத்தைந்து வருடம் பாடுபட்டார் என்பது உண்மைதான், அதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. ஆனால் இருபது வயதில் துடுப்பு வலித்ததற்கு ஐம்பத்து மூன்று வயதில் இதயம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. உடற்பயிற்சியின் பலன் இரண்டு மூன்று வாரம் விட்டாலே கரைய ஆரம்பித்துவிடும். அதை பாங்கில் போட்டு வைக்க முடியாது.

சரி, அவர் டிரைவர் இல்லை, வலை இழுக்கிற ஆள்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் பெரிதாக மாறாது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ரத்தக்குழாயைப் படகில் தண்ணீர் இறைக்கிற ஹோஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புது ஹோஸ் வளையும், விரியும். வெயிலில் கிடந்து விறைத்துப்போன ஹோஸில் அதே பம்பை ஓட்டினால் அழுத்தம் ஏறும். பிரஷர் நோயில் நடப்பது ஏறக்குறைய இதுதான். குழாய் விறைத்திருக்கிறது, அல்லது சுருங்கியே கிடக்கிறது. இதயம் தள்ளித் தள்ளிக் களைக்கிறது.

வேகமாக நடக்கும்போது தொடை, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகள் ஒரே தாளத்தில் சுருங்கி விரிகின்றன. அவற்றுக்கு ரத்தம் நிறைய வேண்டும் என்பதால் குழாய்கள் விரிகின்றன. வேகமாக ஓடுகிற ரத்தம் குழாயின் உள்சுவரை உரசும்போது அந்தச் சுவரிலிருந்தே நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் சுரக்கிறது. அதுதான் குழாயைத் தளர்த்துவது. நடக்கிறபோது மேல் அளவு (164/100 என்பதில் 164) ஏறும், கீழ் அளவு (அந்த 100) பெரிதாக அசையாது. நடந்து முடித்த பிறகு பல மணி நேரத்துக்குப் பிரஷர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கியே நிற்கும். மறுநாள் மறுபடி நடந்தால் அந்த இறக்கம் தொடரும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் குழாயின் விறைப்பும், சுருங்கச் சொல்லி நரம்புகள் கொடுக்கிற உத்தரவும் குறைகின்றன.

இப்போது ஐஸ் பெட்டி தூக்குவதை யோசியுங்கள். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, ஒரே மூச்சில் தூக்கி வைக்கிறோம். தசை கல்லாக இறுகித் தன் வழியாகப் போகிற ரத்தக்குழாயையே நெரிக்கிறது. மேல் அளவு, கீழ் அளவு இரண்டும் சேர்ந்து எகிறும். பிறகு இறங்கும், அடுத்த பெட்டி, மறுபடி எகிறும். தாளம் கிடையாது, இடைவெளி நம் கையில் இல்லை. இதோடு ராத்தூக்கம் கெட்டுப்போவது, மீன்பாடு கிடைக்குமா என்கிற கவலை, எல்லைப் பயம், கண் சொருகாமல் இருக்கப் பீடி, டீ எல்லாம் சேருகிறது. இவை ஒவ்வொன்றும் பிரஷரை ஏற்றுகிற பக்கம் நிற்பவை.

கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பல வருடம் கவனித்து 2021-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைந்திருந்தது. பிழைப்புக்காகக் கடும் உடலுழைப்பு செய்தவர்களுக்கோ கூடியிருந்தது. அது டென்மார்க், நம் ஊர் இல்லை. வறுமையும் புகைப்பழக்கமும் அந்தக் கணக்கில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்ற வாதமும் இருக்கிறது. ஆனால் என் அறையில் நான் பார்ப்பதும் அதோடு ஒத்துத்தான் போகிறது. உழைப்பு கெட்டது என்று அர்த்தமில்லை. பிரஷருக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய கரைவலைக்காரர்கள் அம்பா என்கிற தொழில்பாட்டைப் பாடிக்கொண்டே வலை இழுத்தார்கள். பாடுகிற வாயால் மூச்சை அடக்க முடியாது. இழுக்கிறபோது மூச்சு வெளியே போகும், விடுகிறபோது உள்ளே வரும், எல்லோருக்கும் ஒரே தாளம். உடற்பயிற்சி வகுப்பில் இன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதும் அதைத்தான்.

இனி, எவ்வளவு நடப்பது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. தினம் 30 நிமிடம், ஐந்து நாள். எடுத்தவுடனே 30 நிமிடம் வேண்டாம். முதல் வாரம் 10 நிமிடம், நடந்து திரும்பினால் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரேயடியாக 30 நிமிடம் முடியாவிட்டால் காலையில் 15, மாலையில் 15 என்று பிரித்தாலும் பலன் உண்டு. வேகத்துக்கு ஒரு அளவுகோல்: கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் அம்பா பாட மூச்சு போதக்கூடாது. பாட்டு சுகமாக வந்தால் அது உலாத்தல். பேச்சே வராவிட்டால் அது ஓட்டம், அவருக்கு இப்போது தேவையில்லை. நாடி பிடித்து எண்ணுவதைவிட இது நம்பகமானது. அட்டனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேகமாக நடந்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது. எண்ணிப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள்.

கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடிக்கச் சொல்லுங்கள். அம்லோடிபின் குழாயை விரிய வைக்கிற மருந்து. வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, கண் இருட்டி, ஆள் சாய்ந்துவிடலாம்.

எங்கே நடப்பது? மணலில் தாராளமாக நடக்கலாம். ஆனால் காய்ந்த மணலில் கால் புதைவதால் கெட்டித் தரையைப்போல இரண்டு மடங்கு, அதற்கும் மேலேகூட உடம்பு செலவழிக்கிறது. பத்து நிமிடத்தில் அவர் இளைத்துவிட்டு, "பாத்தியா, நடந்தா நெஞ்சு அடைக்குது" என்று சொல்லிவிடுவார். வற்றுத் தண்ணீர் நேரத்தில் அலை ஓரமாக ஈர மணல் கெட்டியாக இருக்குமே, அங்கே நடக்கட்டும். வடகடல் பக்கம் அலை அடங்கி இருப்பதால் அது சுலபம். கரை சரிந்திருந்தால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் போகும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு முழங்காலுக்கும் சமமாகிவிடும். செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தூண்டில் முள், உடைந்த பாட்டில், சொறி (ஜெல்லிமீன்) எல்லாம் கிடக்கிற கரை நம் கரை. சர்க்கரை இருக்கிற யாராவது இதைப் படித்தால், அவர்கள் வெறுங்காலில் மணலில் நடக்கவே கூடாது.

பாம்பன் பாலத்தில் நடக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், காற்று, காட்சி எல்லாம் சரிதான். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற இடத்தில் பிரஷர் எப்படி இறங்கும்? வேண்டாம்.

இப்போது அக்கினி நட்சத்திர வெயில். காலை ஏழு மணிக்கு முன்னால், இல்லையென்றால் மாலை ஐந்தரைக்குப் பிறகு. காலையில் எழுந்தவுடன் எல்லோருக்குமே பிரஷர் ஏறுமுகமாக இருக்கும். அதனால் படுக்கையிலிருந்து எழுந்து நேராக வேகநடை வேண்டாம், முகம் கழுவி, தண்ணீர் குடித்து, மெதுவாகத் தொடங்கட்டும். என்னைக் கேட்டால் அவருக்கு மாலைதான் தோது. கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாளில் போகும்போது காற்றை எதிர்த்துப் போகட்டும், களைத்துத் திரும்புகிறபோது காற்று முதுகைத் தள்ளிவிடும். படகு ஓட்டுகிறவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊர் சிரிக்கும் என்பதுதான் அவர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் என்று நினைக்கிறேன். என்னிடம் வருகிற இன்னொரு படகு டிரைவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் "படகைப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்புவார். படகு கட்டியிருக்கிற இடம் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். போய், கயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினால் மூன்று கிலோமீட்டர், 35 நிமிடம். யாரும் சிரிக்கவில்லை, பொறுப்பான ஆள் என்று பேரும் வாங்கினார். கையை வீசிக்கொண்டு நடக்கத்தான் கூச்சமென்றால் கையில் ஒரு பையைக் கொடுத்து அனுப்புங்கள், காலியாகவே இருக்கட்டும்.

தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். கிட்டத்தட்ட ஒன்பது வாரம். பயிற்சியின் பலன் அளவில் தெரிய பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். அவருக்கு ஏற்கெனவே பாதி போய்விட்டது, மீதியை விடாதீர்கள். எனக்குத் தெரிந்து இந்த ஊர்களில் பல ஆண்களுக்கு எடை ஏறுவதும் பிரஷர் ஏறுவதும் குடி கூடுவதும் இந்த இரண்டு மாதத்தில்தான். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பதை வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலைதான். ஆனால் மணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு உட்காரட்டும்.

அப்புறம் தொழில் தொடங்கிவிட்டால்? கடலுக்குப் போகிற நாளில் நடை வேண்டாம். ஆனால் படகிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கரையில் பழகிக்கொண்டு போகட்டும்.

அது சுவரில் சாய்ந்து உட்காருவது. முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, பாதங்களை ஒன்றரை அடி முன்னால் தள்ளி, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருவதுபோல மெல்லச் சறுக்கி இறங்கி, அப்படியே நிற்பது. பார்க்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும், அரை நிமிடத்தில் தொடை நடுங்கும். அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கிற இந்த வகைப் பயிற்சி பிரஷரை நன்றாகக் குறைக்கிறது. 2023-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 270 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். நடை, ஓட்டம், சைக்கிள் போன்றவை மேல் அளவைச் சராசரியாக 4.5, கீழ் அளவை 2.5 குறைத்தன. அசையாப் பயிற்சிகளோ மேலே 8, கீழே 4 குறைத்தன. அவற்றில் பெரும்பாலும் கடைப்பிடித்த முறை: இரண்டு நிமிடம் பிடிப்பது, ஒன்றிலிருந்து நான்கு நிமிடம் வரை ஓய்வு, இப்படி நான்கு தடவை, வாரத்துக்கு மூன்று நாள். அந்த நாளில் மொத்தம் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம்தான்.

"இப்போதுதானே தசையை இறுக்கினால் பிரஷர் எகிறும் என்றீர்கள்?" என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால் சந்தோஷம். பிடித்திருக்கிற நேரத்தில் இதிலும் ஏறத்தான் செய்யும். ஆனால் இங்கே பளு நம் உடம்பு மட்டும்தான். எவ்வளவு தாழ உட்காருவது, எப்போது எழுவது என்பதெல்லாம் நம் கையில். விட்டவுடன் நெரிபட்டிருந்த குழாய்க்குள் ரத்தம் பாய்ந்து அது விரிகிறது. அளவாக இறுக்கி, அளவாக விட்டு, மறுபடி இறுக்கும்போது குழாய் அதற்குப் பழகுகிறது. பெட்டி தூக்குவதில் இந்த "அளவாக" கிடையாது. முக்கியம், மூச்சை அடக்கக்கூடாது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே பிடிக்கட்டும். முதல் வாரம் 20, 30 வினாடி போதும், அதிகம் தாழவும் வேண்டாம். அப்புறம் ஏற்றலாம். முழங்கால் வலி இருந்தால் இது வேண்டாம். மாத்திரையில் பிரஷர் 160-க்குக் கீழே வந்த பிறகு தொடங்கினால் போதும் என்பது என் அபிப்பிராயம். அதுவரை நடை. படகில் செய்வதென்றால் நங்கூரம் போட்டுக் கிடக்கிற நேரத்தில், வீல்ஹவுஸ் சுவரில். ஓடுகிற படகில் வேண்டாம்.

பையனுடைய ஜிம் வீடியோவுக்கு வருகிறேன். 1985-ல் கனடாவில் சில பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டு காலாலும் அதிகபட்சப் பளுவைத் தள்ளும்போது பிரஷர் சராசரியாக 320/250 வரை போனது. அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். 160-ல் நிற்கிற 53 வயதுக்காரரை அந்த விளையாட்டுக்கு அனுப்பக்கூடாது. பளுவே ஆகாது என்பதில்லை. பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகு, மூச்சு விட்டுக்கொண்டே பத்துப் பதினைந்து தடவை தூக்கக்கூடிய லேசான பளு நல்லதுதான். பையனுக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் சாயங்காலம் அப்பாவோடு நடந்து போகட்டும், செல்போனை வீட்டில் வைத்துவிட்டு.

நீச்சல் நல்லது, தனியாக வேண்டாம். யோகாசனத்தில் தலைகீழாக நிற்பதைத் தவிர்க்கட்டும்.

நடக்கக்கூடாத நேரங்களும் உண்டு. பிரஷர் 180/110-ஐத் தொட்டால் அது இறங்கும்வரை பயிற்சி எதுவும் கிடையாது, முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, தலை கிறுகிறுப்பு, படபடவென்று தாளம் தப்பிய துடிப்பு, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் இழுத்தால், பேச்சு குழறினால் அந்தச் சில நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். "வாயுவாக இருக்கும்" என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பிழைக்கவில்லை.

மாத்திரையை விடலாமா என்ற கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். பிரஷர் இருக்கிறவர்கள் ஒழுங்காக நடந்தால் மேல் அளவு 5-லிருந்து 8 வரை குறையும். அதை அற்பமாக நினைக்காதீர்கள். மாத்திரை ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் பார்த்ததில், மேல் அளவு 5 குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அவருடையது 164. அதில் 8 போனால் 156. நாம் போய்ச் சேர வேண்டிய இடம் 140/90-க்குக் கீழே, முடிந்தால் 130/80 பக்கம். நடையை மட்டும் நம்பி அங்கே போக முடியாது. இப்போதைக்கு இரண்டும் வேண்டும். நடையும் உப்புக் குறைப்பும் எடைக் குறைப்பும் சேர்ந்து ஆறு மாதம் கட்டுக்குள் இருந்தால், மாத்திரையைக் குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரே பார்த்துச் சொல்வார். அவர் சொல்லட்டும், இவர் தானாக நிறுத்த வேண்டாம்.

கடலுக்குப் போகிற நாளில் மாத்திரை போடாமல் விடுவது இங்கே பெரிய வழக்கம். கேட்டால், மாத்திரை போட்டால் தலை சுற்றும், படகில் ஆகாது என்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்று போடுகிற மாத்திரைதான், இரவு சாப்பாட்டோடு போடட்டும். ஒரு அட்டையைச் சாப்பாட்டுத் தூக்கோடு எப்போதும் வைத்துவிடுங்கள். கணுக்கால் வீங்கினால் அம்லோடிபினால் இருக்கலாம், டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். நீர் பிரிகிற மாத்திரை ஏதாவது பின்னால் சேர்த்தால் வெயில் நாளில் தண்ணீரை மறக்கக்கூடாது. வீட்டுக்கு வந்த அந்த நர்ஸம்மா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிறவராகத்தான் இருக்கும். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. மாத்திரை வாசலுக்கே, காசில்லாமல் வருகிறது. பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

உப்பைப் பற்றி ஒரே வரி: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதில் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அடக்கம். நடந்து இறக்கியதைக் கருவாட்டு உப்பு மறுபடி ஏற்றிவிடலாம். பச்சை மீன் கிடைக்கிற ஊரில் கருவாட்டுக்கு என்ன அவசரம்? இந்துப்பும் உப்புதான், விலைதான் கூட. பீடியை விடச் சொன்னால் கேட்பாரா தெரியவில்லை, சொல்லி வையுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க அளக்க வேண்டும். ஒழுங்காக அளக்காவிட்டால் எல்லாம் வீண். மணிக்கட்டில் கட்டுகிற மிஷின் வேண்டாம், புஜத்தில் கட்டுவது வேண்டும். டீ, பீடி, நடை எதுவானாலும் அரை மணி நேரம் கழித்துத்தான். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. வாரத்தில் சில நாள் பார்த்து, தேதியோடு காலண்டரில் எழுதி வையுங்கள். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டில் பார்க்கிற சராசரி 135/85-க்குக் கீழே வருகிறதா என்பதுதான் கேள்வி.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் ஓரமாகத் தள்ளிவிட்ட அந்த வரி. எனக்கும் 148/94 இருந்தது, அதை விடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விட மாட்டேன்.

வண்டி தள்ளிவிட்டு வந்த கையோடு பார்த்ததால் மேல் அளவு ஏறியிருக்கலாம், அது சரி. ஆனால் கீழ் அளவு 94 என்பதை வண்டியின் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனசில்லை. உங்கள் வயதை எழுதவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டி, மாதவிலக்கு நிற்கிற காலம் என்றால் பெண்களுக்குப் பிரஷர் ஏறுகிற வயதும் அதுதான். எனக்கே அந்த வயதில்தான் வந்தது, நானும் "வேலை டென்ஷன்" என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்ன நியாயம் உங்களுக்கும்தான். எட்டுக் குடம் அடுக்கிய வண்டியை மேட்டில் மூச்சைப் பிடித்துத் தள்ளுவது உழைப்பு, நடைப்பயிற்சி இல்லை. மேடு வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே தள்ளுங்கள், நடுவில் நின்று எடுங்கள். சாயங்காலம் அவர் "படகைப் பார்க்க" கிளம்பும்போது நீங்களும் கூடப் போகலாம். வீட்டு வேலை விடாது என்றால் அடுப்பங்கரைச் சுவர் இருக்கிறது, உலை கொதிக்கிற நேரத்தில் இரண்டு நிமிடம் சாய்ந்து உட்காரலாம்.

முதலில் சரியான அளவு தெரிய வேண்டும். அடுத்த தடவை நர்ஸம்மா வருகிற நாளில் தண்ணி வண்டியைப் பையன் தள்ளட்டும். நீங்கள் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அவருக்கு முன்னால் நீங்கள் கையை நீட்டுங்கள். என்ன அளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.